வரப்போரத்து மூன்று வரிசை

அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் மருந்தடிக்கிற டேங்கை முதுகில் ஏற்றினேன். ஏற்றி முடிப்பதற்குள் பார்த்தாகிவிட்டது. பச்சை. கழுவித் துடைத்து வைத்தமாதிரி ஒரு பச்சை. நடுவில் ஒரு வரப்பு, ஒரு முழம் அகலம், அவ்வளவுதான், அதற்கு அந்தப் பக்கம் எழிலரசி அக்காவின் மல்லாட்டைக் கொல்லை, வேர்க்கடலைதான், இந்தப் பக்கம் என்னுடையது. ஒரே விதை. ஒரே நாளில் ஒரே ஆட்கள் ஒரே கயிறு பிடித்துப் போட்ட விதை. ஒரே கிணற்றுத் தண்ணீர், அவளுக்கு ஒரு நாள் எனக்கு ஒரு நாள். அப்படியிருக்க அவளுடையது கரும்பச்சை, என்னுடையது மஞ்சள் காமாலை. வாயில் அக்கா, மனசுக்குள் அவள், கல்யாணமாகி வந்த நாலு வருஷமும் எனக்கு அப்படித்தான் வருகிறது, என் வீட்டுக்காரருடைய அண்ணன் பெண்டாட்டி, எனக்கு ஓர்ப்படி, அவளைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது, அதுதான் எனக்குப் பொறுக்காது. குறை இருக்கிறவளோடு ஒரு நாள் சண்டை போட்டு மறுநாள் பேசிக்கொள்ளலாம், இவளோடு எதைச் சொல்லிச் சண்டை போடுவது. இடது கை பம்பை அடிக்கிறது, வலது கை குழாயை வீசுகிறது, புஸ் புஸ் என்று ஒவ்வொரு செடியும் தலை நனைகிறது, நுனி இலை நனைய வேண்டும், அடி இலையைப் பற்றிக் கவலைப்படாதே என்றார் வேளாண்மை ஆபீஸ் மேடம், அடி இலை நன்றாகத்தானே இருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு செடியிலும் கீழே பச்சை, மேலே போகப் போக வெளுப்பு, உச்சியில் புதிதாக விரிகிற நாலு இலை மட்டும் எலுமிச்சை நிறம், நரம்பு மாத்திரம் பச்சை நூலில் பின்னின வலை மாதிரி. சில செடி அதுவும் போய் வெள்ளைக் காகிதம். நாற்பத்தோரு நாள் பயிர். அங்கங்கே பூ விட ஆரம்பித்துவிட்டது. பூ விட்டு விழுது மண்ணுக்குள் இறங்குகிற இந்தப் பதினைந்து இருபது நாளுக்குள் செடி தேறாவிட்டால் அப்புறம் பிடுங்கி மாட்டுக்குப் போடலாம், காய் இருக்காது. பிடுங்குகிற அன்றைக்கு என் வீட்டுக்காரர் என்னைப் பார்ப்பார். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், அதுதான் பயம். ஏனென்றால் இந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கியவள் நான்.

கேட்டு வாங்கியது என்றால் வாயால் இல்லை. மோவாயால். போன ஆவணியில் பாகம் பிரித்தபோது அவருடைய அண்ணன், என் மூத்தார்தான் நிலத்தை அளந்து நடுவில் கல் நட்டார், பெரியவர் பிரித்தால் சின்னவர் முதலில் எடுக்க வேண்டும், எங்கள் பக்கத்து வழக்கம் அது, பிரிக்கிறவருக்கு மிச்சம்தான். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். எனக்கு நிலத்தைப் பற்றி என்ன தெரியும், பத்தாவது வரைக்கும் படித்ததில் வண்டல் மண் கரிசல் மண் செம்மண் என்று மூன்று படம் வரைந்தது தெரியும். நான் நிலத்தைப் பார்க்கவில்லை, எழிலரசி அக்காவைப் பார்த்தேன். அவள் கிணற்றுப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணை எடுக்காமல், மூச்சுக்கூட விடாதமாதிரி. ஓகோ, அதுதான் உனக்கு வேண்டுமா என்று நினைத்தேன், அவ்வளவுதான் நினைத்தேன், மோவாயைக் கிணற்றுப் பக்கம் நீட்டினேன், அவர் கிணத்துப் பக்கம் எடுத்துக்கறேன் என்றுவிட்டார். அவள் முகம் மாறினது. நான் அன்றைக்கு ரெண்டு கவளம் கூடச் சாப்பிட்டேன். போன வாரம் மேடம் வந்து கொல்லையில் இறங்கி ஒரு பிடி மண்ணை எடுத்து உதிர்த்து, உள்ளே கிடந்த வெள்ளைக் கல்லை விரலால் உருட்டி, இது சுக்காங்கல் ஆச்சே, சுண்ணாம்புக் கல்லு, கிணறு தோண்டின மண்ணை இந்தப் பக்கம்தான் கொட்டினீங்களா என்று கேட்டார். வீட்டுக்காரர் சாதாரணமாகச் சொல்கிறார், ஆமாம் மேடம், எட்டு வருஷம் முன்னே கிணறு ஆழப்படுத்தினோம், எங்க அண்ணிதான் புதுசா வந்தவங்க, கூடை கூடையா சுமந்து நெரவினாங்க. அவளே தலையில் சுமந்து அவளே பரப்பின சுக்கான். அவள் அன்றைக்குக் கிணற்றுப் பக்கம் பார்த்தது ஆசையிலே இல்லை, அது நம் தலையில் விழுந்துவிடுமோ என்று பார்த்திருக்கிறாள். நான் குறுக்கே பாய்ந்து அதைப் பிடுங்கிக்கொண்டேன். சிரிப்பு வருகிறது. யாராவது இன்னொருத்திக்கு நடந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பேன். சுண்ணாம்பு அதிகமான மண்ணில் இரும்பு இருந்தாலும் வேர் அதை எடுக்க முடியாதாம். தட்டில் சோறு இருக்கிறது, கையைக் கட்டிப்போட்டிருக்கிறது. இலை மஞ்சளானதைப் பார்த்து நான் யூரியா போட்டதைச் சொன்னதும் மேடம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். எல்லாரும் மஞ்சளைப் பார்த்தா யூரியாவத் தூக்கிட்டு ஓடறீங்க, எந்த இலை மஞ்சள்னு யாரும் பாக்கறதில்ல என்றார். தழைச்சத்து பற்றாவிட்டால் முதலில் வெளுக்கிறது அடி இலையாம், பழைய இலை தன்னிடம் இருப்பதை உருவி மேலே புது இலைக்கு அனுப்பிவிட்டு அது பழுத்துவிடும். இரும்பு அப்படி இல்லை, ஒரு தடவை ஓர் இலைக்குள் போய்விட்டால் அங்கேயே உட்கார்ந்துகொள்ளும், கீழே எவ்வளவு இருந்தாலும் மேலே இருக்கிற குஞ்சு இலைக்குப் போகாது. அதனால்தான் தாய் பச்சை, பிள்ளை வெளுப்பு. அதை மேடம் சொன்னபோது எனக்கு எங்கேயோ சுருக்கென்றது, எங்கே என்று அப்போது தெரியவில்லை.

தன்ஷிகா, என் மகள். அங்கேதான் சுருக்கென்றது. நாலாவது டேங்க் கலக்கும்போது தெரிகிறது. ஒரு பொட்டலம் அன்னபேதி உப்பு, நூறு கிராம், பத்து லிட்டருக்கு, அதுதான் அந்த இரும்பு, அதுவும் பச்சையாகத்தான் இருக்கிறது, கல்கண்டு மாதிரி வெளிர்பச்சை. முதலில் எலுமிச்சை உப்பு ஒரு பொட்டலம் தண்ணீரில் கரைய வேண்டும், அப்புறம்தான் இது. நம் கிணற்றுத் தண்ணீர் சப்பைத் தண்ணீர், சுண்ணாம்பு கலந்தது, புளிப்பு இல்லாமல் அன்னபேதியைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் டீ நிறமாகிவிடும், துரு கட்டிப்போகும், அதை அடித்தால் இலைக்கு ஒன்றும் இறங்காது. மத்தியானம் ஒரு பக்கெட்டில் அவசரத்தில் மாற்றிப் போட்டுப் பார்த்தேன், சொன்னபடியே டீ. கொட்டிவிட்டேன். எலுமிச்சை உப்பு எட்டுப் பொட்டலம் வாங்கினேன், இப்போது ஏழுதான், ஒன்றை நேற்று என் மகள் சர்க்கரை என்று நினைத்துப் பிரித்து நாக்கில் வைத்து, ஐயோ அந்த முகம், ஒரு கண் மூடி ஒரு கண் திறந்து உடம்பு முழுக்க ஒரு சிலிர்ப்பு, மிச்சத்தைத் தரையில் கொட்டினாள். நான் சிரித்த சிரிப்பில் அடிக்க மறந்துபோனேன். ரெண்டரை வயது, எடை பத்து கிலோ ஏறவில்லை. போன மாதம் அங்கன்வாடியில் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு வெளுத்திருக்குதும்மா என்றார்கள். அதை அன்றைக்கே எழிலரசி அக்கா எப்படியோ தெரிந்துகொண்டு, முருங்கைக்கீரையை நெய்யில் வதக்கி சோத்துல பெசஞ்சு குடு சுகந்தி, தின்னுவா என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் என்ன சொன்னேன், சொல்லவே கூச்சமாக இருக்கிறது, கூட நாலு பேர் குழாயடியில் இருந்தார்கள். "எம் பொண்ண வளக்க எனக்குத் தெரியுங்க்கா" என்றேன். அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நிதானமாக என்னைப் பார்த்தாள். "சரிடீ. இனிமே நீ வாயத் தொறந்து கேட்டாதான் சொல்லுவேன்." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பால் பொங்கினால் அடுப்பை அணைப்போமே, அந்த மாதிரி. அப்புறம் நான் முருங்கைக்கீரை வதக்கிக் கொடுத்தேன், அவளுக்குத் தெரியாமல், கதவைச் சாத்திக்கொண்டு. பிள்ளை துப்பினாள். பெரிம்மா ஊட்டினால் தின்கிறாள். அதே கீரை, அதே நெய், அவள் கையில் என்ன ஒட்டியிருக்கிறது. அவளுக்கு ரெண்டும் ஆண் பிள்ளைகள், பள்ளிக்கூடம் போய்விடுகிறார்கள், என் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிகிறாள். இன்றைக்கும் நான் பொட்டலங்களை எண்ணிக்கொண்டிருந்தபோது வந்து நின்று கையை நீட்டினாள், ஒரு வார்த்தை இல்லை, மருந்தடிக்கிற இடத்தில் குழந்தை எதற்கு என்று கண்ணாலேயே சொல்லிவிட்டாள், தன்ஷிகா என் கையிலிருந்து தாவினாள். தாவினாள் என்பது சரியான வார்த்தை. திரும்பிப் பார்க்கவில்லை. நானும் கொடுக்கிறேனே, என்னிடம் இருப்பது மேலே போகமாட்டேன் என்கிறதா.

அஞ்சு முடிந்தது. ஆறு. தோள்வாரு அறுக்கிறது. அவருடைய பழைய வெள்ளைச் சட்டையைப் புடவைக்கு மேலே போட்டிருக்கிறேன், கைமுட்டி வரைக்கும் மடித்து, முதல் டேங்கில் பட்ட துளியெல்லாம் இப்போது காய்ந்து பழுப்புப் புள்ளியாக மாறிவிட்டது, வெற்றிலை எச்சில் தெறித்தமாதிரி, துவைத்தால் போகாது என்று கடைக்காரர் சொன்னார். வீட்டுக்காரர் செங்கல் லோடு ஏற்றுகிற வண்டிக்குப் போயிருக்கிறார், வந்து சட்டையைப் பார்த்து முழிப்பார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அண்ணி குழம்பு குடுத்தாங்களா என்று கேட்பார். நான் வைத்த குழம்பை மூன்று வேளை தின்றுவிட்டு ஒரு நாள் அவள் ஒரு கிண்ணம் கொடுத்தால் விரலை நக்குகிறவர். அவள் மேல் எனக்கு என்ன கோபம் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தால் சிரிப்பார். ஆனால் எலுமிச்சம்பழ விஷயம் தெரிந்தால் சிரிக்க மாட்டார். பதினாறு நாள் முன்னே சாயந்திரம் தண்ணீர் திருப்ப வந்தேன், வரப்பு மேல், எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில், பிழிந்த எலுமிச்சை மூடி. அறுத்துப் போட்டது, என் கொல்லையைப் பார்த்தமாதிரி. எண்ணினேன், பத்து மூடி. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திருஷ்டி கழித்திருக்கிறாள். பயிருக்குக் கண் பட்டுவிட்டது என்று எலுமிச்சம்பழம் அறுத்து எல்லையில் போட்டிருக்கிறாள், யார் கண், வரப்புக்கு இந்தப் பக்கம் இருப்பது நான் ஒருத்திதான். என் கண்ணுக்கு மருந்து. குங்குமம் இல்லையே என்று ஒரு நிமிஷம் தோன்றியது, தண்ணீரில் கழுவிப்போயிருக்கும் என்று நானே பதில் சொல்லிக்கொண்டேன். கோபத்திலே இன்னொரு கோபமும் இருந்தது, அதை யாரிடம் சொல்ல, என் கண் பட்டது உண்மைதானே, தினம் காலையில் பல் விளக்கும்போதே அந்தப் பச்சையைத்தானே பார்க்கிறேன். உண்மையைச் சொல்லி ஒருத்தி எல்லையில் எழுதிப் போட்டமாதிரி இருந்தது. அன்றைக்கு விட்டதுதான் பேச்சு. வேண்டுமானால் ஒரு ம், வேண்டாமானால் அதுவும் இல்லை. போதாததற்கு அதற்கப்புறம் நாலைந்து நாளில் என் கொல்லையிலேயே வரப்பை ஒட்டி மூன்று வரிசை மட்டும் பச்சை கட்ட ஆரம்பித்தது. மூன்றே மூன்று. அதற்கு இந்தப் பக்கம் மஞ்சள். அவள் ராசி வழிந்து வரப்பைத் தாண்டி வந்துவிட்டது என்று நினைத்தேன், என் மண்ணிலும் அவள் பக்கம் இருக்கிறதுதான் தழைக்கும், என் பிள்ளை மாதிரி. அந்த மூன்று வரிசையை மட்டும் நான் களைகூட எடுக்கவில்லை. ஒரே ஒரு ஆறுதல் இருக்கிறது, நாலு நாளாக வைத்துத் தின்கிறேன். மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் அவள் நிலம் ஒரு மூலை திரும்புகிறது, அவள் வருகிற வழியிலிருந்து தெரியாது, கிணறு என் பக்கம், ரெண்டு பேர் முறைக்கும் மோட்டார் போடப் போகிற எனக்குத்தான் தெரியும், அங்கே ஒரு பாயளவுக்கு நுனி வெளுத்திருக்கிறது. அதே மஞ்சள், அதே வலை. நாலு நாளாகத் தினம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன், பரவுகிறதா என்று. ஒரு சாண் பரவியிருக்கிறது. சொல்ல மாட்டேன். கேட்டால்தான் சொல்லுவேன்.

ஏழாவது முடித்து வரப்புக்கு வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. இன்னும் ஒரு டேங்குக்கு மஞ்சள் மிச்சம் இருக்கிறது, அன்னபேதி ரெண்டு பொட்டலம் இருக்கிறது, கிலோவாகத்தான் கொடுத்தார்கள், எலுமிச்சை உப்புதான் தீர்ந்தது, மகராசி நக்கிவிட்டாள். கடைக்குப் போய் வருவதற்குள் இருட்டிவிடும். நாளைக்கு அடிக்கலாம், நாளைக்கு அவள் தண்ணீர் முறை, வாய்க்கால் ஈரத்தில் நடக்க முடியாது, நாளன்றைக்கு அங்கன்வாடியில் எடை போடுகிற நாள். ஒரு டேங்குக்காக மூன்று நாள் தள்ளினால் பூ ஏறிவிடும். டேங்கை எல்லைக்கல் மேல் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். உப்பு இல்லாவிட்டால் என்ன, புளிப்புதானே வேண்டும், பழமே பிழியலாமே. சாதத்துக்குப் பழம் இல்லாத நாளில் எலுமிச்சை உப்பு போடுகிறோம், அதை மாற்றிப் போட்டால் கணக்கு சரியாகத்தானே வரும். ஒரு பொட்டலத்துக்கு எத்தனை பழம் ஆகும், நாலு போதாது, அஞ்சு ஆகும், அஞ்சு பழம், அறுத்தால் பத்து மூடி. பத்து மூடி. எல்லைக்கல்லைத் திரும்பிப் பார்த்தேன். பொங்கலுக்கு மூத்தார் இந்தக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்தார், வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும், என் பக்கத்து முகத்தில் முழுக்கப் பழுப்புப் புள்ளி. சட்டைக் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே புள்ளி. அதே தெறிப்பு. நான் இன்றைக்கு இந்தக் கல்லுக்குக் கிட்டவே வரவில்லை, அந்த மூன்று வரிசையைத்தான் தொடவே இல்லையே. குனிந்து மூன்று வரிசையில் ஒரு செடியைப் புரட்டினேன், பச்சை இலைமேல் அங்கங்கே பொட்டு வைத்தமாதிரி பழுப்பு. அடுத்த செடி. அதிலும். மூன்றாவது வரிசை முடிய இருக்கிறது, நாலாவதில் ஒன்றுகூட இல்லை, யாரோ அளந்து நிறுத்தினமாதிரி. எட்டிப் பார்த்தேன், அவளுடைய வரப்போரத்துச் செடியிலும் அதே பொட்டு. அவளுக்கும் மஞ்சள் வந்திருக்கிறது. கூடை சுமந்தவள், சுக்கான் எதுவரைக்கும் உருண்டிருக்கும் என்று தெரிந்தவள், முன்னாலேயே பார்த்து, முன்னாலேயே அடித்து, மிச்சம் இருந்த டேங்கைக் கொண்டுபோய்க் கொட்டாமல் வரப்பைத் தாண்டி இந்தப் பக்கம் மூன்று வரிசை அடித்துவிட்டு, பழத்து மூடியைக்கூட மறைக்காமல் நான் பார்க்கிற இடத்தில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். நான் கேட்டாதான் சொல்லுவேன் என்று வாய் கொடுத்துவிட்டாள், சொல்ல முடியாது. ஆனால் காட்டலாம். மூன்று வரிசை பச்சையாகும், இவள் பார்ப்பாள், இது என்னக்கா என்று வந்து கேட்பாள் என்று. நான் பார்த்தேன். பதினாறு நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்து மூடி என்று எண்ணக்கூடத் தெரிந்தது எனக்கு. கண்ணீர் வரும் என்று நினைத்தேன், வரவில்லை, வந்தது பொறாமைதான், சத்தியமாக, இவ்வளவு நேரம் இருந்ததைவிடப் பெரியது. இதைக்கூட அவளால்தான் முடிந்தது. என் மூலையில் மஞ்சள் இருந்து அவள் அதைப் பார்த்திருந்தால் நாலு நாள் தின்றுகொண்டு உட்கார்ந்திருப்பாளா.

அவள் வரப்பில் வந்துகொண்டிருந்தாள், இடுப்பில் தன்ஷிகா, வாயோரம் ஏதோ பச்சையாக ஒட்டியிருக்கிறது, கீரைதான். என்னைப் பார்த்ததும் பிள்ளை அம்மா புள்ளி புள்ளி என்று என் சட்டையைக் காட்டிச் சிரித்தாள். அக்காவும் சட்டையைப் பார்த்தாள், அப்புறம் நான் உட்கார்ந்திருக்கிற கல்லைப் பார்த்தாள், அப்புறம் வேறெங்கோ பார்த்தாள். அவளுடைய எலுமிச்சை மரம் பின்னால் நிற்கிறது. எழுந்தேன். வாயைத் திறப்பது டேங்கை வாரோடு தூக்குகிறதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"எலுமிச்சம்பழம் கொஞ்சம் வேணுங்க்கா."

எதற்கு என்று கேட்கவில்லை. பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். "ஒரு டேங்குக்கா, ரெண்டு டேங்குக்கா?"

என் கொல்லையைப் பார்த்தேன். அதற்கு ஒரு டேங்குக்குமேல் வேண்டாம், அது அவளுக்கும் தெரியும்.

"ரெண்டு" என்றேன். "மோட்டார் கொட்டாய்க்குப் பின்னால உன் மூலையில நுனி வெளுத்திருக்குது. பாயகலம் இருக்கும். நீ பாத்திருக்க மாட்ட."

அவள் முகம் மாறினது, பாகம் பிரித்த அன்றைக்கு மாறினமாதிரியே. அந்த ஒரு நொடி எனக்கு எவ்வளவு இனித்தது என்று யாரிடமும் சொல்ல முடியாது. அவள் பார்க்காததை நான் பார்த்திருக்கிறேன்.

"எப்பருந்து?" என்றாள்.

பிள்ளையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். பழுப்புப் புள்ளி விழுந்த சட்டைக் கைக்குத் தன்ஷிகா யோசித்து யோசித்து வந்தாள்.

"இன்னிக்குத்தான் கண்ணுல பட்டுதுக்கா" என்றேன்.